ஓடுவதற்கு அகலமான ஷூ: பெங்களூரில் எங்கே போட்டுப் பார்த்து வாங்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். அல்சூரில் இருக்கிறேன், வயது 41. இரண்டு மாதமாகக் காலையில் கப்பன் பார்க்கில் ஓடப் பழகுகிறேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி, இப்போது நிற்காமல் 3 கிலோமீட்டர் ஓட முடிகிறது.

பிரச்சினை ஷூதான். எப்போதும் போடும் 8-ஆம் நம்பரையே கேட்டு வாங்கினேன். கடையில் நின்று பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. ஓடினால் பெருவிரல் முன்னால் போய் இடிக்கிறது. வலது கால் நகம் ஓரத்தில் கருத்துவிட்டது, சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்து சாக்ஸில் ரத்தக் கறை.

அப்புறம்தான் விசாரித்தேன். ஓடும்போது பாதம் கொஞ்சம் வீங்குமாம். அதனால் மாலையில், ஓடும்போது போடும் சாக்ஸோடு போய்ப் பார்க்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. நேற்று ராத்திரி காகிதத்தில் பாதத்தை வரைந்து அளந்தேன்: இடது 26.2, வலது 26.7 சென்டிமீட்டர். அகலமும் அதிகம், அப்பாவுக்கும் இதே பாதம்தான்.

2இ என்று போடும் அகல அளவு இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? இந்திராநகர், ஜெயநகர், எங்கானாலும் வருகிறேன். கடைக்குள் நாலடி ஓடிப் பார்க்க விடுவார்களா? ஒரு கம்பெனியின் 8 இன்னொன்றில் அதே நீளம் இல்லை என்பதால் ஆன்லைனில் வாங்கத் தயக்கம். பட்ஜெட் 6000 ரூபாய். அகலப் பாதத்தோடு ஓடுகிறவர்கள் எதைப் போடுகிறீர்கள், தயவுசெய்து சொல்லுங்கள். நகம் ஆறும்வரை நடைதான், மனசு கேட்கவில்லை.