ஊர்ல ஹெபடைட்டிஸ் டெஸ்ட் கேம்ப் போடுறோம், ஆளுங்கள எப்படி வர வைக்கிறது?

அரியலூரான்:
வணக்கம். அரியலூர் பக்கம் கிராமம். ஜூலை 28 ஹெபடைட்டிஸ் தினத்தன்னைக்கு எங்க மன்றம் சார்பா கல்லீரலைத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ் ரெண்டுக்கும் டெஸ்ட் கேம்ப் வைக்கலாம்னு இருக்கோம், பிஎச்சி டாக்டரும் சரின்னுட்டாரு. ஆனா பெருசுங்க கிட்ட பேசினா எனக்கென்ன கண்ணு மஞ்சளாவா இருக்குங்கிறாங்க, காமாலை வந்தாலும் கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடிச்சா போச்சுங்கிறாங்க. பசங்க பயம் வேற, பாதிப்பேர் துபாய், சவூதி போக பாஸ்போர்ட் எடுத்து வச்சிருக்கானுங்க, பாசிட்டிவ்னு வந்து ஊருக்குத் தெரிஞ்சா விசாவும் போச்சு கல்யாணமும் போச்சுன்னு நழுவுறானுங்க. என்ன சொல்லி கூப்பிடலாம்?

லேப்காரன்:
பசங்க பயத்த முதல்ல பாருங்க ப்ரோ. விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கார்டுல விட்டா இருபது நிமிஷத்துக்குள்ள கோடு வந்துரும், அந்த இருபது நிமிஷமும் ஊரே மேஜையைச் சுத்தி நின்னு கார்டையே பாத்துட்டு இருக்கும். அதனால கார்டு மேல பேரு வேணாம், நம்பர் மட்டும் எழுதுங்க, கார்டெல்லாம் உள் ரூம்ல இருக்கட்டும், ரிசல்ட்ட டாக்டர் தனியா கூப்பிட்டு சொல்லட்டும், மைக்ல யார் பேரும் வரக்கூடாது. கல்ஃப் மெடிக்கல்ல ஹெபடைட்டிஸ் பி எப்படியும் பாப்பாங்க, ஏஜென்ட்டுக்கு கடன் வாங்கி பணம் கட்டினப்புறம் அங்க தெரியறதுக்கு இங்க காசில்லாம இப்பவே தெரிஞ்சுக்கிறது எவ்வளவோ மேல், இத அப்படியே சொல்லுங்க. பி நெகட்டிவ் வந்தவங்களுக்கு ஆறு மாசத்துல மூணு ஊசியா பி தடுப்பூசி போட்டுக்கலாம். சி டெஸ்ட் பாசிட்டிவ்னா உடம்புல வைரஸ் இப்ப இருக்குன்னு அர்த்தமில்ல, அதுக்கு இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு, இதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

செவிலியர்அக்கா:
தம்பி, பொம்பளைங்கள கேம்புக்கு கூப்பிடாதீங்க, நூறு நாள் வேலை நடக்குற எடத்துக்கு நீங்க போங்க, காலையில வருகைப்பதிவு எடுக்கிறப்ப எல்லாரும் ஒரே எடத்துல இருப்பாங்க. எங்கிட்ட வர்ற கர்ப்பிணிங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான், அம்மாவுக்கு பி இருந்து பொறந்தப்பவே குழந்தைக்கு ஒட்டிக்கிச்சுன்னா நூத்துல தொண்ணூறு குழந்தைக்கு அது ஆயுசுக்கும் தங்கிரும், பெரியவங்களுக்கு வந்தா பெரும்பாலும் தானா போயிரும். பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள போடுற ஊசி அதுக்குத்தான். இத சொன்னா கைய நீட்டாத பொண்ணு கிடையாது. சலூன்காரர் கிட்டயும் பேசுங்க, ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு, பி வைரஸ் காய்ஞ்ச ரத்தத்துல குறைஞ்சது ஏழு நாளாவது உசுரோட இருக்கும்.

பி_பாசிட்டிவ்:
எனக்கு பி இருக்கு. ரத்தம் கொடுத்தப்ப தெரிஞ்சது, அதுவரைக்கும் ஒரு நாள் காய்ச்சல்னு கூட படுத்ததில்ல. வீட்ல எனக்குன்னு தனி தட்டு, தனி டம்ளர் வச்சாங்க, அது ரொம்ப வலிச்சுது. சேர்ந்து சாப்பிட்டா இது பரவாதுன்னு உங்க கேம்ப்ல சத்தமா சொல்லுங்க, நோட்டீஸ்லயும் பெருசா போடுங்க. பாசிட்டிவ் வந்தவங்க எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது, ஆனா வருஷா வருஷம் செக்கப் விடக்கூடாது, கல்லீரல் சத்தமில்லாம கெட்டுப்போகும். 2018ல வந்த தேசிய திட்டத்துல பி, சி ரெண்டுக்கும் மாத்திரை அரசு ஆஸ்பத்திரில இலவசம், சி-ன்னா பெரும்பாலும் 12 வாரத்துல குணமாயிருது. கீழாநெல்லி விஷயம், 1988ல சென்னைல நடந்த ஆய்வுல நல்லா வேலை செய்யுதுன்னு வந்தது உண்மை, அப்புறம் வேற எடங்கள்ல பண்ணினப்ப அந்த ரிசல்ட் வரல. பெருசுங்ககிட்ட சண்டை போடாதீங்க, டெஸ்ட்டும் எடுத்துக்கோங்க தாத்தான்னு சொல்லுங்க.

அரியலூரான்:
ரொம்ப நன்றி. நம்பர் முறையும் உள் ரூமும் டாக்டர்கிட்ட நாளைக்கே பேசிடுறேன். அக்கா, வேலை நடக்குற எடத்துக்கு வர்றதுக்கு பணித்தள பொறுப்பாளர்கிட்ட சொன்னா போதுமா, இல்ல பிடிஓ ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணுமா?

செவிலியர்அக்கா:
ஊராட்சி செயலர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, உங்க ஊர் செவிலியரையும் கூட்டிட்டுப் போங்க தம்பி. பாசிட்டிவ் வந்தவங்கள ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறதுன்னு இப்பவே ஆள் முடிவு பண்ணிடுங்க, தனியா அனுப்புனா பாதிப்பேர் போகமாட்டாங்க.