மார்பக இம்ப்ளான்ட்டுக்குப் பிறகு உடலுழைப்புக்குத் திரும்பியது: உறுப்பினர்களின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

இம்ப்ளான்ட் (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை) பொருத்திக்கொண்ட பிறகு எப்போது ஜிம்முக்குப் போகலாம் என்று பலரும் கேட்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை ஜிம் ஒரு பெரிய சிக்கலாகவே இல்லை. மருத்துவர் சொன்ன காலம் வரை போகாமல் இருந்தால் போதுமானதாக இருந்தது. சிக்கல் முழுவதும் வீட்டில்தான். மருத்துவமனையில் கொடுத்த தாளில் ஓட்டம், எடை தூக்குதல், நீச்சல் என்று எழுதி, எதை எந்த வாரத்தில் தொடங்கலாம் என்றும் குறித்திருந்தார்கள். சப்பாத்தி மாவு பிசைவதும், ஈரத்துணியைப் பிழிந்து உயரமான கொடியில் உலர்த்துவதும், தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பதும் அதில் எங்கும் இல்லை. முதல் சில வாரங்களுக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லும் அதே தாளை வைத்துக்கொண்டு, 20 லிட்டர் கேன் 20 கிலோ என்பதை நாமேதான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கு இம்ப்ளான்ட்டை மார்புத் தசைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். கையை முன்னால் தள்ளுவதும் உடலுக்குக் குறுக்கே இழுப்பதும் அந்தத் தசையின் வேலை. அறுவையின்போது அதன் கீழ்ப்பகுதியை விலா எலும்புகளிலிருந்து பிரித்துத்தான் உள்ளே இடம் உண்டாக்குகிறார்கள் என்பதால், அந்த இடம் ஆறி, இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடலே ஒரு திசு உறையை உருவாக்கும் வரை, மாவு பிசையும் கையும் தண்டால் எடுக்கும் கையும் அந்தத் தசைக்கு ஒன்றுதான். நடப்பதற்கு மட்டும் தடையே இல்லை. காலில் இரத்தம் உறையாமல் இருப்பதற்காக, முதல் நாளிலேயே மெதுவாக நடக்கச் சொன்னார்கள். ஆனால் முதல் இரண்டு வாரங்களில் மூச்சு வாங்கும் அளவுக்கு எதையும் செய்யக் கூடாது என்பதில் மருத்துவர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறினால் உள்ளே இரத்தம் கசிந்து தேங்கக்கூடும். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, இறுகி, வலித்தால் மறுநாள் வரை காத்திராமல் உடனே அழைக்க வேண்டும் என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் இந்த அறுவையை வீட்டில் மறைத்தே செய்துகொள்கிறோம், அல்லது "சின்ன ஆபரேஷன்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அப்படிச் சொன்ன பிறகு, மாமியாரிடம் கிரைண்டரைத் தூக்க முடியாது என்று சொல்வதற்கும், கையை நீட்டி அழும் குழந்தையைத் தூக்காமல் இருப்பதற்கும் என்ன காரணம் சொல்ல முடியும்? நான் கணவரிடமும் நாத்தனாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது, ஆனால் கேனை அவர்களே கவிழ்த்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் யோகா கற்பிப்பவள். எனக்குத் தசைக்கு மேலே, மார்பகச் சுரப்பிக்கு அடியில் வைத்தார்கள். அதனால் வலி குறைவாகவே இருந்தது. வலி குறைந்ததும் எல்லாம் ஆறிவிட்டது என்று தோன்றும். இம்ப்ளான்ட் நகராமல் நிலைப்பதற்கு வேண்டிய காலம் வேறு, வலி போவதற்கு வேண்டிய காலம் வேறு. உட்கார்ந்து செய்யும் ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சியையும் முதலில் தொடங்கினேன். சூரிய நமஸ்காரத்தை, அதிலும் தண்டால் போன்ற சதுரங்க தண்டாசனத்தையும் குப்புறப் படுத்துச் செய்யும் புஜங்காசனத்தையும், இறுதியாகத்தான் சேர்த்தேன். ஆறு வாரம் வரை கம்பியில்லாத இறுக்கமான உள்ளாடையைக் கழற்றவே இல்லை. தோலில் சில இடங்களில் நெடுநாள் உணர்ச்சி மரத்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் சுடுவதே தெரியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து:

ஸ்கூட்டரை யாரும் குறிப்பிடவில்லையே. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும், மெயின் ஸ்டாண்ட் போடும்போதும் விழும் இழுப்பு நேராக மார்புத் தசையில்தான் தெரிந்தது. பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நின்றால், ஓட்டுநர் பிரேக் போடும்போதும் அதே கதை. நான் ஆட்டோவில் போனேன், செலவுதான்.

சென்னை உறுப்பினர் மீண்டும்:

செலவு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2018-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மார்பக அழகுசிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது, அரசுப் பணத்தில் இது தேவையா என்று பெரிய விவாதம் நடந்தது. என் கேள்வி அதுவல்ல. அறுவை இலவசமாகக் கிடைத்தாலும், சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்குச் சட்டி தூக்காத ஆறு வாரங்களை யார் கொடுப்பார்கள்?

புதிய உறுப்பினர் ஒருவர்:

டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்கூட மார்பக அறுவைக்குப் பிறகுதானே பெரிய வெற்றிகளைப் பெற்றார்?

திருச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஆம், ஆனால் அவர் 2009-இல், 17 வயதில் செய்துகொண்டது மார்பகக் குறைப்பு அறுவை. ஆட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்த எடையைக் குறைத்துக்கொண்டார். 2018-இல் பிரெஞ்சு ஓப்பனையும் 2019-இல் விம்பிள்டனையும் வென்ற அவருடைய உடலில் ஆற வேண்டிய இம்ப்ளான்ட் எதுவும் இல்லை. அதேபோல என் அனுபவத்தையும் உங்களுடையதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். எனக்குப் புற்றுநோய்க்காக மார்பகத்தை நீக்கிவிட்டு இம்ப்ளான்ட் வைத்தார்கள். அக்குள் நிணநீர்க் கணுக்களையும் எடுத்ததால், தோள் இறுகிவிடாமல் இருக்க மெல்லிய கை அசைவுகளைத் தொடக்கத்திலேயே பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தார். உள்ளே தேங்கும் நீரை வெளியேற்ற வைத்திருந்த வடிகுழாயை எடுக்கும் வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்றும் சொன்னார். ஆகவே, உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது "உடற்பயிற்சி" என்று பொதுவாகக் கேட்காமல், கேன், கொடி, குழந்தை, ஸ்கூட்டர் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

சென்னை உறுப்பினர்:

தண்டால் எடுக்கும்போது இம்ப்ளான்ட் பக்கவாட்டில் நகர்வது தெரிகிறதே என்று தனிச்செய்தியில் கேட்ட தோழிக்கு: தசைக்கு அடியில் வைத்தவர்களுக்கு அது வழக்கமாக வருவதுதான். தசை சுருங்கும்போது அதுவும் சேர்ந்து நகர்கிறது, பெரும்பாலும் ஆபத்தில்லை. மிகவும் தொந்தரவாக இருந்தால் இன்னொரு அறுவையின் மூலம் தசைக்கு மேலே மாற்றி வைப்பதும் உண்டு. எனக்கு அந்த எண்ணம் இல்லை. மார்புக்கான எடையைக் குறைத்துவிட்டு, கால்களுக்கும் முதுகுக்குமான பயிற்சிகளைக் கூட்டிக்கொண்டேன்.