அணைக்கரை முதலையிடம் பேசி வழி வாங்கியவர்கள்

கதைக்காரர்:

கும்பகோணத்தில் ஒரு ட்யூஷன் சென்டர் மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிற பேச்சு மன்றம் எங்களுடையது. பார்த்தால் பேச்சு மன்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒருநாள் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுப் பெரியவர் மேலே ஏறி வந்தார். இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வங்கி ஊழியர் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். பி.காம். படிக்கிற பெண்ணொருத்தி அவர் முன்னால் நின்று, "நெல்லு நனைஞ்சிடும், வழியை விடுங்க" என்று மன்றாடிக்கொண்டிருந்தாள். பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார்.

படுத்திருந்தவர் முதலை. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் நிஜமாகவே முதலை உண்டு என்பதால் எங்கள் கதையிலும் அது அங்கேயே இருக்கிறது.

மேடைப் பேச்சுப் பயிற்சியையும் மாயக்கதை வேட விளையாட்டையும் ஒன்றாகக் கலந்திருக்கிறோம். நேரக் கட்டுப்பாடும், ஆளுக்கொரு பொறுப்பு என்று பிரித்துக்கொள்வதும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்கிற பேச்சுப் பயிற்சி மன்றங்களின் முறை. 1924-ல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது அது. பகடை, பாத்திரம், நீ சொல்வதை வைத்துத்தான் கதை நகரும் என்கிற விதி, இதெல்லாம் 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழியில் வந்தவை. இந்த இரண்டோடும் எங்களுக்கு முறையான தொடர்பு எதுவும் கிடையாது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டோம்.

எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பார்கள். நம் ஊரில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பட்டிமன்றம், கட்சி மேடை, கோயில் உபன்யாசம், கல்யாண வாழ்த்துரை என்று வருஷம் பூராவும் மைக் அலறிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் கையை எங்கே தூக்கவேண்டும் என்பது வரை மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய ஆட்கள் எங்கள் மன்றத்திலேயே நிறைய. அவர்களிடம் குறுக்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், நின்றுபோவார்கள். எதிரே இருப்பவர் வாய் திறந்தால் அதற்குத் தக்கபடி பேசுகிற பழக்கம் நமக்கு யாரும் தரவில்லை. விளையாட்டில் அது இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. எதிராளி கேள்வி கேட்பார், மறுப்பார், முறைத்துக்கொள்வார்.

ஆட்டம் இப்படி. பழைய காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து விதைநெல் ஏற்றிய படகு கடலோரமாகப் போய், கொள்ளிடத்துக்குள் நுழைந்து மேற்கே வரவேண்டும். வழியில் சுங்கக்காரன், இயக்கி என்கிற யட்சி, பூதம், முதலை. சண்டை கிடையாது, எதையும் பேசித்தான் கடக்கவேண்டும். ஒருவருக்கு இரண்டு நிமிடம். ஒரு நிமிடத்தில் பச்சை அட்டை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. சிவப்புக்குப் பிறகும் பேசுகிறவரை முதலை கடித்துவிடும்.

பேசி முடித்ததும் இருபது முகப் பகடையை உருட்டவேண்டும். பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் வழி கிடைக்கும். வெறும் அதிர்ஷ்டம் என்றால் இருபதில் ஒன்பது, அதாவது 45 சதவீதம். எதிராளியின் கவலை என்ன என்று கண்டுபிடித்து அதைத் தொட்டுப் பேசியிருந்தால் இரண்டு புள்ளி கூட்டிக்கொள்ளலாம். கண்முன்னால் நிற்கிற மாதிரி ஒரு விவரம் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு. நாலும் சேர்ந்தால் எட்டு விழுந்தாலே போதும், வாய்ப்பு 65 சதவீதமாகிவிடும். பேச்சுக்கு மதிப்பு உண்டு, ஆனால் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் சில நேரம் மூன்றுதான் விழும். சூட்சுமமே அங்கேதான். தோற்றவர் "எனக்குப் பேச வரலை" என்று முகத்தைத் தொங்கப்போடாமல் பகடையைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். மறுவாரம் வந்துவிடுகிறார்.

மற்றவர்கள் அவரவர் அனுபவத்தை எழுதுங்கள். வேடப் பெயரிலேயே எழுதலாம்.

முதலை:

பெஞ்சில் படுத்திருந்தவன் நான்தான். முதுகு இன்னும் வலிக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "பெருமதிப்பிற்குரிய முதலையார் அவர்களே, இங்கே கூடியிருக்கும் சான்றோர் பெருமக்களே..." அவை வணக்கம் நீண்டுகொண்டே போனால் நான் தண்ணீருக்குள் போய்விடுவேன். அதாவது துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வேன். என்னைத் திரும்ப மேலே வரவைக்கிற மாதிரி அவர்கள் ஏதாவது சொல்லியாகவேண்டும். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பையன் ஒருவன் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். அப்புறம் குனிந்து, "ஐயா, உங்க வால்ல வலை மாட்டியிருக்கு, எடுத்து விடவா?" என்றான். துண்டை எடுத்துவிட்டேன். வேறு வழி? கடையில் தினமும் வாடிக்கையாளரை உட்காரவைத்துப் புடவையைப் பிரித்துக் காட்டுகிறவனுக்கு இந்த வித்தை தெரியாமலா இருக்கும்? மேடை என்றதும் அதையெல்லாம் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள்.

பூதம்:

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பேச்சுப் போட்டிக்குப் பல வருஷம் பிள்ளைகளைத் தயார் செய்தவன், ஆகவே கதைக்காரர் எழுதியதில் பாதி என்னைத்தான் குத்துகிறது. இருக்கட்டும். மனப்பாடமும் ஒரு படிதான். சொற்களை நாக்கு பழகாமல் யாரும் திடீரென்று பேசிவிடுவதில்லை. வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று பெயர் வாங்கிய சீனிவாச சாஸ்திரியார் இதோ பக்கத்து வலங்கைமானில் பிறந்தவர். அவருடைய ஆங்கிலமும் கேட்டும் படித்தும் பழகிப் பழகி வந்ததுதான்.

முதலில் வந்தபோது டிராகன், எல்ஃப் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்க் கடற்கரையிலேயே இதைவிட விசித்திரமான ஊர் இருந்ததே என்று சிலப்பதிகாரத்தின் ஐந்து மன்றங்களைச் சொன்னேன். அன்றைக்கே கதை காவிரிப்பூம்பட்டினமான புகாருக்கு மாறிவிட்டது.

வெள்ளிடை மன்றத்தில் பொதியைத் திருடியவன் அதைக் கழுத்து ஒடியச் சுமக்கவேண்டும். எங்கள் மன்றத்தில், வாட்ஸ்அப்பில் வந்த கதையைத் தன் அனுபவம் போலச் சொல்கிறவர் ஒரு சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அதையே சொந்த வார்த்தையில் திரும்பச் சொல்லவேண்டும். இலஞ்சி மன்றம் உடற்குறை தீர்க்கும் பொய்கை. நெடுங்கல் நின்ற மன்றம் நஞ்சுண்டவர், பாம்பு தீண்டியவர் துயர் தீர்ப்பது. அவை இரண்டையும் கதையில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பூதசதுக்கத்துப் பூதம் பொய்ச்சாட்சி சொல்பவனையும் புறங்கூறுபவனையும் பாசக்கயிற்றால் கட்டும். அந்த வேலை எனக்கு. கையில் ஒரு தேங்காய்நார்க் கயிறு. பேசுகிறவர் "வந்து" என்றால் ஒரு முடிச்சு, "அதாவது" என்றால் ஒன்று, "ஆக்சுவலி"க்கு ஒன்று. முடிவில் கயிற்றை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். சிலர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டியிருப்பதாகக் கேள்வி. புறங்கூறலுக்கும் விதி உண்டு. ஒருவர் பேச்சைப் பற்றிய குறையை அவர் காதுபடத்தான் சொல்லவேண்டும், டீக்கடையில் போய்ச் சொல்லக்கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது பாவை மன்றம். நீதி தவறினால் அங்கிருக்கும் பாவை நாவால் ஒன்றும் பேசாது, நின்று அழும். யாரோ கொடுத்த பழைய கொலு பொம்மை ஒன்று எங்கள் அலமாரியில் இருக்கிறது. கதைக்காரர் போட்ட புள்ளி ஓரவஞ்சனை என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் எழுந்துபோய் அதை மேஜைமேல் வைக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கதைக்காரர் மறுபடி யோசித்தே ஆகவேண்டும். பெரியவர்கள் போட்ட தீர்ப்பை எதிர்த்துப் பேசத் தயங்குகிற பிள்ளைகள் பொம்மையை மட்டும் தயங்காமல் எடுக்கிறார்கள்.

ஒரு ஆட்சேபம் இன்னும் தீரவில்லை. புகார் காலத்தில் அணைக்கரை ஏது? அங்கே இருக்கிற கீழணை 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் காலத்தில் வந்தது.

முதலை:

ஐயா, அணை பிற்பாடு வந்தது. நான் அதற்கு முன்னாலேயே அங்கே இருக்கிறேன்.

நாளங்காடிக்காரி (பகல் சந்தைக்காரி):

எனக்கு அந்த இருபது முகத்துப் பகடை ஒத்துவரவில்லை. கோலிக்குண்டு மாதிரி உருண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடும், அதைத் தேடுவதற்கே நேரம் போகும். வீட்டில் மாமியார் காலத்துப் பித்தளைத் தாயக்கட்டை இருந்தது, கொண்டுவந்தேன். அதை வைத்து ஒரு பழக்கம் ஏற்படுத்தினோம். தாயத்தில் தாயம் விழுந்தால்தானே காய் இறங்கும்? அதே மாதிரி, புதிதாக வந்தவருக்குத் தாயம் விழுகிறவரை பேசவேண்டிய கட்டாயம் இல்லை. முறை வரும்போது ஒருதரம் உருட்டினால் போதும். விழவில்லையா, உட்கார்ந்து கேட்கலாம்.

கணக்கு டீச்சராக இருக்கிற என் பெண் சொன்னாள்: இரண்டு கட்டையும் சேர்ந்து விழுகிற விதம் பதினாறு, அதில் ஒன்றும் வெற்றுமாய் விழுவது இரண்டு, ஆக எட்டில் ஒரு வாய்ப்பு. நிறைய காத்திருக்கவேண்டி வரும். முதலில் விழாதபோது அவர்கள் முகத்தில் தெரிகிற நிம்மதியைப் பார்க்கவேண்டுமே! அடுத்தடுத்து விழாமல் போனால் அது எரிச்சலாகிவிடும். அத்தனை பேரும் பேசுகிறார்கள், கதை நகர்கிறது, சுங்கக்காரனுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று தனக்குள் ஒன்று தயாராக இருக்கிறது, கட்டை மட்டும் மசியமாட்டேன் என்கிறது. ஒரு பெண் பொறுக்கமுடியாமல் "தாயமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நான் பேசறேன்" என்று எழுந்துவிட்டாள். அவள்தான் இப்போது சுங்கக்காரன்.

விருந்தாளி:

பெங்களூரில் வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஒரு தடவை போனேன். நான் வாராவாரம் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுகிறவன். மனம் திறந்து சொன்னால், இது அது இல்லை. பலம், சாமர்த்தியம், அறிவு என்று ஆறு குணங்களுக்கும் எண் போடுவதுதான் அந்த விளையாட்டின் ருசி. இங்கே எண்ணே இல்லை. நான் பாத்திரத் தாள் அச்சடித்துக் கொண்டுபோனேன், எல்லோரும் ஆசையாக நிரப்பினார்கள், மணி எட்டாகிவிட்டது, ஒருத்தரும் பேசவில்லை. கதைக்காரர் தாள்களை வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்தார். அப்புறம் அவை வெளியே வந்ததாகத் தெரியவில்லை.

விதைநெல்காரர்:

நான் கடைமடை விவசாயி. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்கு எட்டிப் பார்ப்பது எப்போது என்று யாருக்கும் தெரியாது. மதகு ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறது, கீழே இறங்காது, நிற்கவேண்டிய தண்ணீர் ஓடிப்போகிறது. இதைக் குறைதீர் கூட்டத்தில் சொல்லவேண்டும். மனு எழுதிக்கொடுத்தால் சீல் போட்டு வாங்கிக்கொள்வார்கள். மைக்கைக் கொடுத்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். கோபம் வந்தால் 'காலம் காலமா வஞ்சிக்கப்படுகிறோம்' என்று பொதுவாகப் பேசி, கைதட்டு வாங்கி, உட்கார்ந்துவிடுவேன். ஷட்டர் விஷயம் அப்படியே நின்றுவிடும்.

மன்றத்தில் முதலையிடம் போனபோதும் அதையேதான் செய்தேன். விவசாயி வயிற்றில் அடிக்காதே என்று முழங்கினேன். முதலை நிதானமாகக் கேட்டது: "சரிப்பா, நான் நகர்ந்தா எனக்கென்ன?" பதில் இல்லை. மறுவாரம், "நீங்க கொஞ்சம் நகர்ந்தா படகு அலையில கரையோர மீன் கலைஞ்சு உங்க பக்கம் வரும்" என்றேன். "எவ்வளவு மீன்?" என்றது. இப்படியே ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வி. பகடை எனக்குச் சாதகமாக விழுந்ததே அபூர்வம், ஆனால் கேள்வி எங்கிருந்து வரும் என்று பிடிபட்டுவிட்டது.

கூட்டத்தன்று மைக் வாங்கி, எந்த வாய்க்கால், எந்த மதகு, எத்தனை அடி இறங்காமல் நிற்கிறது என்று மட்டும் சொன்னேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "இதனால எத்தனை ஏக்கர் பாதிக்குது?" என்று கேட்டார். என் கையில் சர்வே எண் வாரியாகப் பட்டியல் இருந்தது. அடுத்து, "புதுசா போடணுமா, ரிப்பேர் பண்ணா போதுமா?" என்றார். அதற்கும் இருந்தது. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஷட்டர் மாற்றினார்களா என்று கேட்காதீர்கள், அது தனிக்கதை. ஆனால் அவர் தாளில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். அதற்கு முன் எழுதியதில்லை.

இயக்கி:

எனக்குத் திக்கும். பூதம் ஐயா முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார், திக்கலுக்கு முடிச்சு கிடையாது, அது இடத்தை நிரப்பச் சொல்கிற "வந்து" இல்லை என்று. சிவப்பு அட்டையும் எனக்கு ஒரு நிமிடம் தள்ளித்தான்.

இயக்கியாகப் பேசும்போது குரலைத் தாழ்த்தி இழுத்து இழுத்துப் பேசுவேன், அப்போது திக்குவதில்லை. பாடும்போதும், வேறு ஆளாக நடிக்கும்போதும் திக்கல் குறைவது நிறைய பேருக்கு உண்டு. ஆனால் "இயக்கி வந்தா எல்லாம் சரியாயிடும்" என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். கல்லூரி வைவாவில் எப்போதும்போலத் திக்கியது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போது உட்கார்ந்ததுமே "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று நானே சொல்லிவிடுகிறேன். எதிரே இருப்பவரிடம் நமக்கு வேண்டியதைக் கேட்பதுதானே ஆட்டம்? வழியைக் கேட்கிறோம், நேரத்தையும் கேட்டால் என்ன.

கதைக்காரர்:

நாகப்பட்டினத்தில் இதே மாதிரி ஒரு மன்றம் தொடங்க நினைப்பதாகச் சொல்லி யோசனை கேட்டவருக்கு: ஆறு பேர் போதும். பத்துக்கு மேல் போனால் இரண்டு படகாகப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிப்பேர் கைப்பேசி பார்ப்பார்கள். விதிப்புத்தகம் வேண்டாம், வேஷ உடை வேண்டவே வேண்டாம். கிரீடம் வைத்த அன்றைக்கு எல்லோரும் வசனம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எதிராளியாக நடிக்க உங்களில் நன்றாகக் கேட்கத் தெரிந்தவரை நிறுத்துங்கள், நன்றாகப் பேசுகிறவரை நிறுத்தாதீர்கள். தோற்றாலும் கதை நிற்கக்கூடாது. முதலை வழிவிடாவிட்டால் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு கரையோடு நடக்கட்டும், அங்கே வேறு யாராவது வழிமறிக்கட்டும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது கூட்டம் வைக்காதீர்கள், ஆள் வராது. உங்கள் ஊருக்கு முதலை பொருந்தாது, துறைமுகத்துக்குத் தக்கமாதிரி வேறு ஏதாவது பாருங்கள். தொடங்குகிற தேதியைச் சொன்னால் எங்கள் முதலையை ஒரு வாரம் அனுப்பிவைக்கிறோம். பெஞ்சு மட்டும் அகலமாக இருக்கட்டும்.