தோட்டத்துச் சாளையை ஒட்டி கான்கிரீட் கட்டடம்: பழைய சுவர் மேல் தளத்தை உட்கார வைக்கலாமா?

கரிசக்காடு:
உடுமலைப் பக்கம் கரிசல் மண்ணில் இருக்கிற சாளை (தோட்டத்து வீடு)ங்க. 18 அங்குல மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மங்களூர் ஓடு. இறவாணம் (ஓட்டுக்கூரையின் தாழ்ந்த ஓரம்) ஏழடி உயரம்தான். வடக்கே ஒட்டி 12க்கு 20ல சமையலறை, குளியலறை எடுக்கணும். தளத்தோட ஒரு பக்கத்தைப் பழைய சுவர்ல ஏத்திட்டா தூண் மிச்சம்கிறார் மேஸ்திரி. செய்யலாமுங்களா?

தூக்குக்குண்டு:
வேண்டாமுங்க. கரிசல் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். ஆழமான புது அஸ்திவாரம் அசையாது, ஆழமில்லாம நிற்கிற மண்சுவர் அசையும். ரெண்டையும் கட்டிப்போட்டா மண்சுவர்தான் பிளக்கும். வடக்கே இறவாணத் தண்ணி முழுக்க புதுச் சுவரில் விழும். ஓட்டுக்கூரை முட்டுற முக்கோணச் சுவர் எந்தப் பக்கம்?

கரிசக்காடு:
கிழக்கேங்க.

தூக்குக்குண்டு:
அங்கே போயிருங்க, அந்தப் பக்கம் ஓட்டுத் தண்ணி இறங்காது. சாளைக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவே நாலடி சந்து விட்டு, தனித் தூண்களில் கட்டுங்க. சந்தைக் கடக்க, மேலே ஷீட் போட்ட ஐந்தடி அகல நடை. அதன் இரும்புக் குழாய்கள் புதுக் கட்டடத்தை மட்டும் பிடிச்சு நிக்கணும். பழைய சுவர்ப் பக்கம் ஒரு அங்குல இடைவெளி. அதை மூடுகிற தகடுக்குச் சுவரில் மட்டும் ஆணி, ஷீட்டில் அடிக்கக் கூடாது. அடிச்சா முதல் மழைக்காலத்திலேயே கிழியும்.

அஸ்திவாரக் குழியைக் கோடையில் எடுங்க. கரிசல் தாண்டி கெட்டித் தரை வரை போகணும், ஆறடிகூட ஆகலாம். சாளை ஓரத்துக் குழிகளை ஒரே நாளில் திறக்காதீங்க. ஒண்ணை நிரப்பிட்டு அடுத்தது. தரை மட்டத்தில் தூண்களை இணைக்கிற பிளிந்த் பீமுக்கு அடியில் மூணு அங்குலம் காலியா விடுங்க, இல்லாட்டி உப்புற மண் பீமையே தூக்கும். தரைக்குக் கீழே ரெண்டடி கரிசலை அள்ளிட்டு கிராவல் போட்டுத் திம்சு அடிச்சுக் கெட்டியாக்குங்க.

சுண்ணாம்புக்காளவாய்:
சாளையிலிருந்து நடைக்குப் போற வாசலுக்குப் புதுசா கிழக்குச் சுவரை உடைக்காதீங்க. அந்தச் சுவரில் ஜன்னல் இருந்தா அதன் கீழ்ச் சுவரை மட்டும் வெட்டி வாசலாக்குங்க, அகலம் கூட்ட வேண்டாம். வேறு வழியே இல்லைன்னா முட்டுக் கொடுத்துட்டு, வாசலுக்கு மேல் வர்ற லிண்டலை ரெண்டு பக்கமும் ஒரு அடி உட்கார வைங்க. ஆறு அங்குலம் மட்டும் உட்கார வச்சா மண்சுவர் நசுங்கும்.

உடைச்ச இடத்தில் சிமெண்ட் பூசறதுதான் எல்லாரும் செய்யற தப்பு. உள்ளே ஏறுற ஈரம் வெளியேற முடியாம, பூச்சு பாளம்பாளமா மண்ணோடு வரும். சுண்ணாம்பு 1, மணல் 3, கடுக்காய்த் தண்ணி விட்டுக் குழைச்சது போதும்.

குளியலறை கிழக்குக் கோடிக்குப் போகட்டும். சந்தில் குழாய் வேண்டாம், தரைக்கு வெளிவாட்டம் கொடுங்க. கிணறு இருந்தா செப்டிக் டேங்க் அதுக்கு அறுபதடிக்கு அந்தப் பக்கம்.