1985ஆம் ஆண்டின் போர்ட் புட்டியும் அதன் அடிமண்டியும்

போர்த்துகல் நாட்டின் போர்ட்டோ நகரில் வேலை பார்த்த நாட்களில், 1985ஆம் ஆண்டின் வின்டேஜ் போர்ட் ஒயின் (ஒரே ஆண்டின் திராட்சையில் செய்த, இனிப்பும் வலுவும் மிக்க போர்த்துகீசிய ஒயின்) ஒன்றை ஆசையாக வாங்கி, பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் வீடு திரும்பி, அன்று மாலையே நண்பர்களுக்காகத் திறந்தேன். ஊற்றிய முதல் கோப்பையே கலங்கலாக இருந்தது. நாக்கில் காப்பித்தூள் போன்ற துகள்களும் கடும் துவர்ப்புமே தங்கின. புட்டி கெட்டுப்போனது என்று நினைத்தேன். கெடுத்தது என் அவசரம் என்பதை, டோரு ஆற்றின் அக்கரையிலுள்ள வில நோவ டி கையா நகரில் குடியிருந்த ஒரு முதியவர் பிறகு விளக்கினார்.

போர்ட் செய்யும்போது, டோரு பள்ளத்தாக்கின் திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத வலுவுள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவதால், பழத்தின் சர்க்கரை அப்படியே எஞ்சுகிறது. வலுவும் 20 சதவீதம் அளவுக்கு ஏறுகிறது. போர்ட்டில் டானி என்னும் வகை மரப்பீப்பாயிலேயே பத்து, இருபது ஆண்டுகள் கிடந்து தெளிந்து வருவதால் அதைச் சற்றே குளிரவைத்து நேரடியாக ஊற்றலாம். வின்டேஜ் வகையோ சுமார் இரண்டு ஆண்டுகளிலேயே வடிகட்டப்படாமல் புட்டிக்குள் போய்விடுகிறது; அதன் பிறகான முதிர்ச்சி முழுவதும், அதனால் படியும் மண்டியும் உள்ளேயேதான்.

அதே ஆண்டின் இன்னொரு புட்டியை அவர் தம் வீட்டில் எனக்காகத் திறந்தார். படுத்துக் கிடந்த புட்டியை முந்தைய நாள் காலையிலேயே எடுத்து, அசைக்காமல் நிமிர்த்தி வைத்திருந்தார். தக்கை பாதியிலேயே உதிர்ந்துவிட்டது. சிறிதும் பதறாமல், குடுவையின் வாயில் மெல்லிய துணியை விரித்தார். புட்டியின் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, இடையில் ஒருமுறைகூட நிமிர்த்தாமல், ஒரே சாய்ப்பில் ஊற்றினார். நூல் போன்ற கறுப்புக் கோடு ஒன்று தோளிலிருந்து கழுத்தை நோக்கி ஊர்ந்து வந்ததும் கையை நிறுத்திவிட்டார். புளிக்கரைசலைத் தெளியவைத்து இறுத்தெடுக்கும் என் அம்மாவின் பொறுமையை அந்தக் கையில் கண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து, வாய் குறுகிய சிறு கோப்பைகளில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றித் தந்தார். உலர்ந்த அத்திப்பழமும் வாதுமையும் கலந்த மணம் முதலில் எழுந்தது. இனிப்பு அதற்குப் பின்னால்தான் வந்தது. பதினாறு, பதினெட்டு டிகிரிக்கு மேல் போனால் சாராய நெடிதான் முந்தும் என்பதால் கோடைக்காலத்தில் குடுவையைச் சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைக்கலாம் என்றார். உடன் ஸ்டில்டன் என்னும் ஆங்கிலேய நீலப் பாலாடைக்கட்டி இருந்தது; அதன் உப்பு இந்த இனிப்புக்கு அவ்வளவு பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திறந்த டானி சில வாரங்கள் தாங்கும். இத்தனை வயதான வின்டேஜை ஓரிரு நாளில் முடித்துவிட வேண்டும் என்று சொல்லி, மீதியைப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுத்தனுப்பினார். புட்டியின் அடியில் நின்ற இரண்டு விரற்கடை மண்டியைக்கூடக் கொட்டாமல், துணியில் வடித்து, மறுநாள் இறைச்சிக் குழம்புக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்.