டியூட்டிரோமைசீட்ஸ் வகுப்பு எங்கே போயிற்று? நெல் நோய்ப் பூஞ்சைகள் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: நீடாமங்கலம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். எங்கள் பகுதியில் சம்பா, தாளடிப் பயிர்களைத் தாக்கும் குலை நோய், செம்புள்ளி நோய், இலையுறை கருகல் ஆகிய மூன்றுக்கும் காரணமான பூஞ்சைகளை, கல்லூரி நூலகத்துப் பழைய பாடநூல் டியூட்டிரோமைசீட்ஸ் என்னும் ஒரே வகுப்பில் வைக்கிறது. புதிய நூல்களிலோ அந்த வகுப்பே இல்லை. போதாக்குறைக்கு, குலை நோய்ப் பூஞ்சை ஓரிடத்தில் பைரிகுலேரியா என்றும் வேறோரிடத்தில் மேக்னபோர்த்தே என்றும் வருகிறது. இவற்றை முன்பு எதை வைத்து ஒன்றாகச் சேர்த்தார்கள், பிறகு ஏன் பிரித்தார்கள் என்று யாரேனும் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: தஞ்சை, தாவர நோயியல் ஆசிரியர்

அம்மா, அந்த வகுப்பு உறவுமுறையை வைத்து அமைந்ததே அன்று. பாலினப்பெருக்க வித்துகள் பைக்குள் உண்டானால் ஆஸ்கோமைசீட்ஸ், சிறு தண்டின் மேல் உண்டானால் பசிடியோமைசீட்ஸ் என்று பிரித்துவந்த காலத்தில், பாலினநிலை கண்ணிலேயே படாத ஆயிரக்கணக்கான பூஞ்சைகளுக்காகத் திறந்துவைத்த நிலுவைக் கணக்குதான் டியூட்டிரோமைசீட்ஸ். அதற்குள்ளும் ஓர் ஒழுங்கு வேண்டுமென்று, இத்தாலியரான சக்கார்டோ 1880களில் கொனிடியங்களின் (பாலிலா முறையில் உண்டாகும் வித்துகளின்) நிறம், வடிவம், குறுக்குச்சுவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு ஒரு முறையை வகுத்தார்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நடுவில் சாம்பல் நிறம் பூத்த கண் வடிவக் குலை நோய்ப் புள்ளியுள்ள இலையை ஈரத்தாளில் ஓரிரவு மூடி வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். ஏறத்தாழ நிறமற்ற, பேரிக்காய் வடிவான, இரண்டு குறுக்குச்சுவர்கள் கொண்ட கொனிடியங்கள் தெரியும். செம்புள்ளியில் இருப்பவை பழுப்பு நிறத்தில், சற்றே வளைந்து, பல குறுக்குச்சுவர்களோடு இருக்கும். நிறத்தை வைத்தே முன்னதை மோனிலியேசி குடும்பத்திலும் பின்னதை டெமேஷியேசி குடும்பத்திலும் சேர்த்தார்கள். இலையுறை கருகலை உண்டாக்கும் ரைசாக்டோனியா கொனிடியமே தருவதில்லை என்பதால், அது மலட்டு இழைகளின் குழுவுக்குப் போயிற்று. உண்மையில் அது பசிடியோமைசீட். மற்ற இரண்டைவிடக் காளானுக்கே நெருங்கிய உறவு. ஒரே வரப்புக்குள் காணும் மூன்றையும் பாடநூல் ஒரே வகுப்பில் வைத்திருந்ததில் எவ்வளவு மறைந்துபோயிற்று என்பதை இதிலிருந்தே உணரலாம்.

பதில்: மயிலாடுதுறை வாசகர்

ஐயா விளக்கியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கொனிடியம் எப்படித் தோற்றமளிக்கிறது என்பதைவிட, அதைத் தாங்கும் இழையின் மேல் அது எவ்வாறு உருவாகிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று கனடாவில் பணிபுரிந்த ஹியூஸ் 1953இல் வலியுறுத்தினார். அந்த வழியில் ஹைஃபோமைசீட்ஸுக்கு (இழைகளின் மேலேயே கொனிடியங்களைத் தரும் பூஞ்சைகளுக்கு) புதிய வகைப்பாட்டை 1962இல் முன்வைத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி. வி. சுப்பிரமணியன். நம் பாடத்திட்டங்களில் அவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

பதில்: தஞ்சை, தாவர நோயியல் ஆசிரியர்

முற்றிலும் உண்மை. இரட்டைப் பெயர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே பூஞ்சை ஒன்றுக்கு மேற்பட்ட வித்து வடிவங்களைத் தரும் என்று பிரான்சின் துலான் சகோதரர்கள் 1860களிலேயே காட்டியிருந்தும், பாலினநிலைக்கு ஒரு பெயர், பாலிலாநிலைக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளப் பெயரிடல் விதிகள் நெடுங்காலம் இடம் கொடுத்தன. செம்புள்ளிப் பூஞ்சையின் பாலினநிலையை ஜப்பானில் இட்டோ, குரிபயாஷி என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1927இல் வெளியிட்டனர். பைரிகுலேரியாவின் பாலினநிலையை, புல்லிலிருந்து பிரித்தெடுத்த வளர்ப்புகளை ஆய்வகத்தில் இணைத்து, ஹெபர்ட் 1971இல் பெற்றார். மேக்னபோர்த்தே என்ற பெயர் அதன் பின்னர் வந்ததுதான். டிஎன்ஏ வரிசைகளைக் கொண்டு, பாலினநிலை தெரியாத பூஞ்சையையும் அதன் உறவுகளோடு சேர்க்க முடிந்தபின், தனி வகுப்புக்குத் தேவை இல்லாமற்போயிற்று. 2011இல் மெல்போர்னில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று முடிவுசெய்ய, 2013 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆய்வேட்டில் பைரிகுலேரியா ஒரைசே, பைபோலாரிஸ் ஒரைசே, ரைசாக்டோனியா சொலானி என்றே எழுதுங்கள். மூன்றுமே பாலிலாநிலைப் பெயர்கள்தாம். முதல் குறிப்பில் மட்டும் மேக்னபோர்த்தே, காக்லியோபோலஸ், தானட்டெஃபோரஸ் என்னும் மறுபெயர்களைச் சேர்த்துவிட்டால், பழைய கட்டுரைகளைத் தேடுபவருக்கு உதவியாக இருக்கும்.