பாட்டி இன்றைக்கு எந்தக் கரையில்?

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஹ்மாங் பையன், பத்து வயது, என் மகனோடு படிக்கிறான்.

நாங்கள் இருப்பது மினசோட்டாவில், செயின்ட் பால். இங்கே ஹ்மாங் மக்கள் ஏராளம். லாவோஸ் மலைக்காரர்கள். வியட்நாம் போர் நடந்தபோது அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. இவர்களைத் திரட்டி லாவோஸில் ரகசியமாகப் போரிட வைத்தது. 1975-இல் அமெரிக்கா கிளம்பிவிட்டது, இவர்கள் மாட்டிக்கொண்டார்கள். காடு வழியாக நடந்து, மூங்கிலையும் டயர் டியூபையும் பிடித்துக்கொண்டு ராத்திரியில் மேக்கோங் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக்குப் போனவர்களில் இந்தப் பையனின் பாட்டியும் ஒருத்தி. கூட வந்த தம்பி கரை சேரவில்லை.

வயதாகி மறதி நோய் முற்றியதும் பாட்டி பேரனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். "நான் அவன் இல்லை" என்று பையன் கத்துவான். பாட்டி அழுவார். இவன் எங்கள் வாசற்படியில் வந்து உம்மென்று உட்கார்ந்துகொள்வான்.

டாக்டரிடம் காட்டினார்கள். ஞாபகத்தைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னார்களாம். பள்ளிக்கூடமே பார்க்காத மனுஷி, பென்சிலை எப்படிப் பிடிப்பார்? பிறந்த தேதி கேட்டார்களாம். காகிதத்தில் ஜனவரி 1 என்று இருக்கிறது. அகதியாக வந்தவர்களில் பலருக்கு அதுதான் பிறந்த நாள். தேதி தெரியாதவர்களுக்கு அதிகாரிகள் போட்டுக்கொடுத்தது. இந்தச் சோதனையில் என் அப்பத்தாவும் தோற்றிருப்பார், அவருக்கு ஞாபகம் கடைசிவரை கத்தி மாதிரி இருந்தது. இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொன்னது யார் தெரியுமா? இந்தப் பையன். "உங்கள் பாட்டிக்கு இது குணமாகாது" என்பதையும் அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவசரம் என்றால் தவிர, குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது என்று இங்கே விதியே இருக்கிறது. ஆனாலும் சில சமயம் கேட்டு வாங்கினால்தான் மொழிபெயர்ப்பாளர் வருவார். அடுத்த முறை அவன் அப்பா கேட்டு வாங்கிவிட்டார்.

வீட்டில் ஆன்மாவை அழைக்கும் சடங்கும் நடந்தது. உடம்பை விட்டு அலையப்போன ஆன்மாவை வாசலில் நின்று திரும்பக் கூப்பிடுவார்கள். முட்டை, கோழி எல்லாம் உண்டு. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பாட்டியின் மணிக்கட்டில் நூல் கட்டினார்கள், பையனும் கட்டினான். மாத்திரையும் ஒரு பக்கம் ஓடியது. இரண்டுக்கும் அங்கே சண்டையே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் பையனைத் தேற்றியது இது இரண்டும் இல்லை, கூடத்தில் தொங்கும் ஒரு துணி. தாய்லாந்தில் பான் வினாய் அகதி முகாமில் இருந்தபோது பாட்டி தைத்தது. அந்த முகாம்களில் ஹ்மாங் பெண்கள் தங்கள் கதையையே பூவேலையாகத் தைத்து விற்றார்கள். மேலே மலையும் சோளக்காடும் கோழிகளும், நடுவில் சிப்பாய்கள், விமானம், அதற்குக் கீழே நீல நூலில் ஆறு, கடைசியில் முகாம்.

பள்ளி விட்டு வந்ததும் பாட்டி பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்பான். பிறகு துணியில் ஓர் இடத்தைத் தொட்டு, "இன்னைக்கு இங்க இருக்காங்க" என்று என் மகனிடம் சொல்வான். சோளக்காடு என்றால் கவலை இல்லை, அவனும் சேர்ந்து கோழி விரட்டுவான். ஆற்றங்கரை என்றால் டிவியை அணைப்பான், குழாயை மூடுவான், தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "ம்" என்பான். "பொய் சொல்றோமேன்னு இல்லையா?" என்று என் மகன் கேட்டதற்கு, "அவங்க கேக்கிறது நான் பக்கத்துல இருக்கேனான்னுதான். இருக்கேன்ல?" என்றான்.

கதவில் மணி பொருத்தியிருக்கிறார்கள். மைனஸ் 20 குளிரில் பாட்டி செருப்பில்லாமல் இறங்கிவிட்டால் ஆபத்து.

பாட்டிக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷும் இப்போது போய்விட்டது. பையனுக்கு ஹ்மாங் அரைகுறை. பள்ளியில் ஹ்மாங் வகுப்பு இருக்கிறது, தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டான். தொனி கொஞ்சம் பிசகினாலும் பொருள் மாறிவிடும் மொழி அது. அவன் தப்பாகச் சொன்னால் பாட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறார், அதற்காகவே சில சமயம் வேண்டுமென்று தப்பாகச் சொல்கிறான்.